புகை மங்கலமன்று

“சென்னைக்கு என்ன, கடற்காற்று இருக்கிறது!” காற்று மாசு என்று வாயெடுத்தவுடன் நண்பர்களிடமிருந்து வரும் முதல் வாக்கியம் இது. நவம்பர் மாதத்துத் தில்லியைத் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கப் போகிறவர்களின் வாக்கியம். அடுத்து வருவது, “விறகடுப்பில் வெந்த நம் பாட்டிமார்கள் தொண்ணூறு வயது வாழவில்லையா?” என்னும் வினா. மூன்றாவதாக வருவது இலக்கியவாதிகளுக்கே உரியது: “இதெல்லாம் சூழலியல்காரர்களின் பிரச்சாரம். இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?”

இம்மூன்றும் ஒரே மனநிலையின் மூன்று குரல்கள் என்பதே என் கட்சி. அந்த மனநிலைக்கு வேர் நம் மொழியிலேயே இருக்கிறது. புகையை மங்கலமாகக் காண நாம் ஈராயிரம் ஆண்டுகளாகப் பழகியிருக்கிறோம். அகிற்புகை கூந்தலுக்கு, சாம்பிராணிப் புகை தலை குளித்த பிள்ளைக்கு, வேள்விப் புகை தேவர்க்கு, அடுப்புப் புகை இல்லறத்துக்கு. புகையால் இருமுகிறவரை மட்டும் இந்த அழகியலில் எங்கும் காணோம்.

பாட்டிமார்களின் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம், அது எளிது. தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டியைத்தான் பேரன் பார்க்கிறான். நாற்பதில் இளைப்பு கண்டு இறந்துபோன பாட்டி, கதை சொல்ல இருப்பதில்லை.

கடற்காற்றுக்கு வருவோம். அது உண்மைதான். கோடை நாள்களில் நண்பகலையொட்டிப் புகுந்து நகரைக் குளிர்விக்கும் அந்தக் காற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சில மணி நேரத்து விருந்தாளி. மார்கழி, தை மாதத்து விடியலில் நிலைமை வேறு. இரவெல்லாம் நிலம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துபோய், அதற்கு மேலே சற்று வெம்மையான அடுக்கு வந்து மூடிக்கொள்கிறது. பானைக்கு மூடியிட்டதுபோல. கீழே எழும் புகை மேலே கலைந்து செல்ல வழியின்றிச் சாலையிலும் முற்றத்திலும் படுக்கையறையிலும் தேங்குகிறது. நாம் போகி கொளுத்துவதோ சரியாக அந்த நேரத்தில்தான்! 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமற்போய், விமானங்கள் பிற நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானிக்குத் தெரியாத ஓடுபாதை எல்லார்க்கும் செய்தியாயிற்று. அதே புகையைத் தரையில் நின்று சுவாசித்த ஆஸ்துமாக் குழந்தை செய்தியாகவில்லை.

போகி என்றவுடன் இரு அணிகள் வரிந்துகட்டிக்கொண்டு வரும். ‘நம் பண்டிகையை மட்டும் ஏன் கேட்கிறார்கள்’ என்பது ஓரணி. கிழிந்த பாயும் உடைந்த முறமும் தென்னந்துடைப்பமும் எரிந்த காலத்துக்கும், டயரும் ரப்பர்க் குழாயும் ரெக்சின் இருக்கையும் எரியும் காலத்துக்கும் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பண்டிகை ஒன்றாகிவிடாது என்று அவர்களுக்குச் சொல்லலாம். மற்றோரணி ஆண்டுக்கொருமுறை விழித்துக்கொள்ளும் ஆங்கில நாளேடு வாசிப்பவர்களுடையது. போகியன்று காலை முகக்கவசம் அணிந்து படமெடுத்துக்கொள்ளும் இவர்கள், எஞ்சிய 364 நாள்களும் தனியொருவராக டீசல் காரில் பழைய மகாபலிபுரம் சாலையை அடைத்துக்கொண்டு செல்பவர்கள். குப்பத்துச் சிறுவன் கொளுத்தும் டயர் இவர்கள் கண்ணில் படுகிறது. தம் காரின் புகைக்குழாய் முதுகுப் பக்கம் இருப்பதால் படுவதில்லை போலும்.

கடற்காற்று புகையை இல்லாமல் செய்துவிடுவதும் இல்லை. தள்ளுகிறது, அவ்வளவே. எண்ணூர்க் கரையின் புகையைக் கிழக்கிலிருந்து வரும் காற்று உள்நிலத்துக்குத்தான் கொண்டுசேர்க்கும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கப்பட்டு 2017இல் மூடப்பட்டது. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் நிலக்கரியை எரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. சாம்பற் குளத்தின் விளிம்பில் கிடக்கும் செப்பாக்கத்தில், காற்று எழுந்தால் சோற்றுத் தட்டிலும் சாம்பல். 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அவர்கள் கடலுக்கு மிக அருகில் வாழ்கிறவர்கள் என்பதை நினைவிற்கொள்க! அடையாற்றில் கடற்காற்று வாங்குபவர், காற்று நின்றபின் போடும் மின்விசிறி சுழல்வதற்கும் அந்தக் கரையில்தான் கரி எரிகிறது.

இனி என் துறைக்கு வருகிறேன். குறுந்தொகையின் 167ஆம் பாட்டைத் தமிழ் படித்த எவரும் அறிவர். புதிதாக இல்லறம் தொடங்கிய பெண், தயிரைத் தன் விரலால் பிசைகிறாள். பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை மைதீட்டிய கண்ணில் ஏறுகிறது. அப்படியே குழம்பைச் சமைத்துப் படைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. கூடலூர் கிழாரின் இப்பாட்டை மகிழ்ந்து மகிழ்ந்து விளக்கிய உரைகளும் மேடைப் பேச்சுகளும் எத்தனை! பிசைந்த விரலுக்கு ஒரு பக்கம், துடைத்த ஆடைக்கு ஒரு பக்கம், மலர்ந்த முகத்துக்கு மூன்று பக்கம். கண்ணில் ஏறிய குய்ப்புகைக்கு மட்டும் ‘தாளிதப் புகை’ என்று பொருள் எழுதிவிட்டுக் கடந்துபோய்விடுவார்கள். நற்றிணையில் மாங்குடி கிழார் பாடிய 120ஆம் பாட்டும் இத்தகையதே. அட்டிலில் நிற்கும் மனைவிக்குப் புகையால் கண் கலங்கியிருக்கிறது. நெற்றி வியர்வையை முன்றானையால் துடைக்கிறாள். ஊடலில் இருக்கும் அவள் விருந்தினர் வந்தால் சினத்தை மறைத்துச் சிரிப்பாள் என்பதற்காக, விருந்து வரட்டும் என்று விரும்புகிறான் தலைவன். விருந்து வந்தால் இன்னும் கொஞ்சம் விறகு, இன்னும் கொஞ்சம் புகை என்று கணக்குப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அது அகப்பாட்டு. ஆனால் அந்தப் புலவர்கள் கண்ணைப் பார்த்தார்கள். கலங்கியிருந்ததைக் கண்டார்கள், எழுதினார்கள். பார்க்க மறுத்தவர்கள் பின்வந்த உரைகாரர்களும் நயம் பாராட்டிகளும்தான்.

வகுப்பில் இப்பாட்டை நடத்தியபோது ஒரு மாணவி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “எங்க அம்மாவுக்கும் கண்ணு எப்பவும் இப்படித்தான் சார் இருக்கும். மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பீடி குடிப்பியாம்மான்னு டாக்டர் கேட்டாரு. அம்மா அழுதுருச்சு.” வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்ணின் நுரையீரல், பீடி குடிப்பவனுடையதைப் போல் ஆகியிருந்தது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்குப் புகைப்பழக்கம் மட்டுமே காரணம் என்ற பாடத்தை மருத்துவம் நெடுங்காலம் ஆண்களை வைத்தே எழுதியது. அமெரிக்கப் பேராசிரியர் கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத்துக் கிராமங்களில், அடுப்பங்கரையில் அமர்ந்திருக்கும் பெண்களின் உடலிலேயே கருவியைக் கட்டி அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்த பிறகுதான், அறிவியல் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவன் எட்டிப் பார்த்த இடம் அது!

புகை ஏன் மங்கலமாயிற்று என்பதற்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடினால் நான் பாதிதான் சொன்னவனாவேன். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டைச் சொல்கிறார். சமைத்து நெடுநாளாகி அடுப்பில் காளான் பூத்துக் கிடக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. அந்த வீட்டில் புகை இல்லை. புகை இல்லாததே அங்கே பேரவலம். கூரைமேல் புகை எழுந்தால் உள்ளே சோறு உண்டு என்று பொருள். பசித்த சமூகம் புகையைக் கண்டு மகிழ்ந்ததில் வியப்பென்ன? இதே உவகைதான் பின்னாளில் ஆலைப் புகைபோக்கியைக் கண்டும் உண்டாயிற்று. பாடநூல் அட்டைகளிலும் கட்சிச் சுவரொட்டிகளிலும் முன்னேற்றம் என்றால் என்ன வரைந்தார்கள்? புகை கக்கும் குழாய்தானே! மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்த 1960களில் அந்தப் புகை வேலைவாய்ப்பின் கொடி.

ஆகவேதான் இன்றும் எண்ணூர்க்காரர் ஒருவர் தம் மகனின் இருமலைப் பற்றிப் பேசினால், ‘அப்படியானால் ஆலையை மூடிவிடலாமா? வேலை வேண்டாமா?’ என்று வாயை அடைக்க முடிகிறது. பசியைக் காட்டிப் புகையை நியாயப்படுத்தும் இந்தத் தந்திரம் பழையது. சோறு வேண்டுமென்றால் புகையையும் தின்று தொலை என்பதே அதன் சாரம். சாத்தனார் கேட்டது புகையை அல்ல, சோற்றை. புகையின்றிச் சோறாக்கும் வழி தெரிந்த காலத்திலும் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஏழையின் கையில் திணிப்பதற்குப் பெயர் வளர்ச்சி!

புகை உடலுக்குள் என்ன செய்கிறது? சற்றே வறட்டுத்தனமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமயிரின் குறுக்களவு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். விறகு, கரி, டீசல், குப்பை ஆகியன எரிவதால் எழும் துகள்களில் மிகுதியானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கின் மயிரும் சளியும் இவற்றைத் தடுப்பதில்லை. இவை நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை செல்கின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. உடல் இவற்றை எதிரியாகக் கருதி அழற்சியைத் தூண்டுகிறது. குருதி உறையும் இயல்பு கூடுகிறது. தமனிச் சுவரில் படிந்த கொழுப்பு வெடிக்கிறது. எனவே காற்று மாசு என்றால் இருமல் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பாதி நோயைத்தான் பார்க்கிறார்கள்; அது மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் வருகிறது. 1993இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். புகைப்பழக்கம் முதலிய பிற காரணங்களைக் கழித்த பின்னும், மிக அழுக்கான காற்றுள்ள நகரில் இறப்பு வீதம் மிகத் தூய நகரைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது. டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசு முழுவதையும் 2013இலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்தது. சிகரெட்டும் அந்த வகையில்தான் இருக்கிறது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் உண்டு. திரைப்படத்தில் கதாநாயகன் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வாசகம் ஓடும். பேருந்தின் புகைக்குழாய்க்கு மேலே ‘கருமாரியம்மன் துணை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

வீட்டுக்குள்ளும் நாமே வளர்க்கும் புகை உண்டு. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு இணையானது என்று சீன, மலேசியச் சுருள்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2003இல் கண்டது. கதவை அடைத்து, தொட்டிலுக்குக் கீழே ஏற்றிவைக்கிறோம். (கொசுவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொசுவலை என்ற பண்டை நாகரிகச் சின்னம் ஒன்று இருந்தது.)

போக்குவரத்துப் புகையின் கதைக்கு வேறு சான்று தருகிறேன். அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில், சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்தாமலே கட்டணம் செலுத்தும் மின்னணு முறை வந்தது. நிறுத்தி உறுமிப் புறப்படும் வண்டிகள் குறைந்தன. ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் அச்சாவடிகளிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மாரின் பிரசவக் கணக்குகளைப் பார்த்தார்கள். குறைப்பிரசவம் 10.8 விழுக்காடும், எடை குறைந்த குழந்தைகளின் பிறப்பு 11.8 விழுக்காடும் குறைந்திருந்தன. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. அந்தத் தாய்மாருக்கு எவரும் மருந்து கொடுக்கவில்லை. வண்டிகள் நிற்காமல் போயின, அவ்வளவுதான். நம் நாட்டில் பாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமானபோது நேரம் மிச்சம், டீசல் மிச்சம், சில்லறைத் தொல்லை மிச்சம் என்று எல்லாவற்றையும் பேசினோம். சாவடியை ஒட்டிய ஊர்களின் கருவுற்ற பெண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நம் நகரத்துச் சிக்னலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இருசக்கர வண்டியின் முன்புறம், தந்தையின் கைகளுக்கிடையே, பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை. முன்னால் நிற்கும் பேருந்தின் புகைக்குழாயும் அக்குழந்தையின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. குளிரூட்டிய காருக்குள் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருக்கிறார். புகைச் சான்றிதழ் என்றொரு சடங்கும் உண்டு. நான் போன ஒரு நிலையத்தில் குழாய்க்குள் கருவியை நுழைக்காமலே, வண்டியின் எண்பலகையை மட்டும் படமெடுத்துச் சான்றிதழ் தந்தார்கள். எண்பலகை புகைவிடுவதில்லை, ஆகவே வண்டி தேறிவிட்டது!

எல்லா என்னும் சிறுமியின் பெயரைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா. தென்கிழக்கு லண்டனில், போக்குவரத்து மிகுந்த சவுத் சர்க்குலர் சாலையருகே வாழ்ந்தவள். மூன்றாண்டுகளில் இருபத்தைந்து முறைக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில், ஆஸ்துமாவால் இறந்தாள். முதலில் எழுதப்பட்ட காரணம் மூச்சு செயலிழப்பு என்பதே. அவள் தாய் ரோசமண்ட் விடவில்லை. ஏழாண்டுகளுக்கும் மேலாகப் போராடினார். 2020 டிசம்பரில், மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் இம்மரணத்துக்குக் குறிப்பிடத்தக்க காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புச் சான்றிதழில் காற்று மாசு காரணமாக இடம்பெற்றது அதுவே முதன்முறை.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2019 டிசம்பரில், நம் நாடாளுமன்றத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர், மாசுக்கும் ஆயுள் குறைவதற்கும் தொடர்பு காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்றார். ஆனால் 2018 டிசம்பரிலேயே, இந்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஆய்வு லான்செட் குழும இதழில் வெளியாகியிருந்தது. 2017ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த இறப்புகளில் 12.4 இலட்சம் காற்று மாசால் நேர்ந்தவை என்று அது மதிப்பிட்டது. ஏறத்தாழ எட்டில் ஒன்று. அரசின் வலக்கை எழுதியதை இடக்கை படிப்பதில்லை. ‘தனியொரு மரணத்துக்கு மாசு மட்டுமே காரணம் என்று நிறுவ முடியாது’ என்ற பல்லவி அதன் பின்னும் பலமுறை பாடப்பட்டது. அந்த ‘மட்டுமே’யில் இருக்கிறது சூது. பசியால் மட்டுமே இறந்தார் என்று எந்த அரசு எப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது?

அளவுகோலையும் பாருங்கள். நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. நம் நாட்டின் சட்டம் 2009இல் வகுத்த அளவு 40. எட்டு மடங்கு! ‘சென்னையின் காற்று திருப்திகரம்’ என்று காலையில் படிக்கும்போது, யாருடைய திருப்தி அது என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதற்பட்டியலில் 102 நகரங்கள் வந்தபோது சென்னை அதில் இல்லை, பின்னர்தான் சேர்ந்தது. அத்திட்டத்தின் பணத்தில் 64 விழுக்காடு சாலைப் புழுதியை அடக்கச் செலவாயிற்று என்றும், ஆலைப் புகைக்கு ஒரு விழுக்காடுகூடப் போகவில்லை என்றும் தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குக் காட்டியது. புழுதியைப் பெருக்குவது எளிது. புழுதிக்கு முதலாளி இல்லை. அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையை வடிகட்டும் கருவியை இரண்டாண்டுக்குள் பொருத்த வேண்டுமென 2015 டிசம்பரில் விதி செய்தார்கள். கெடு நீண்டது; மீண்டும் நீண்டது; 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பான்மையான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். காத்திருந்தால் விதி தானாக இறந்துவிடும் என்பதை ஆலைகள் கற்றுக்கொண்டன.

என் கட்சிக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் வைக்கிறேன். சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கருவுற்ற பெண்களிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடுந்தோறும் குழந்தையின் பிறப்பெடை 4 கிராம் குறைகிறது என்றது. அப்படியானால் விறகடுப்பை எடுத்துவிட்டு எரிவாயுவைத் தந்தால் எடை கூட வேண்டுமல்லவா? குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளோடு தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் கருவுற்ற பெண்களுக்கு இலவசமாக அடுப்பும் எரிவாயுவும் தந்து சோதித்தார்கள். அவர்கள் சுவாசித்த புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் 2022இல் வந்த முடிவு, பிறப்பெடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பது. ‘பார்த்தீர்களா, புகை ஒன்றும் செய்யாது’ என்று இதைத் தூக்கிக்கொண்டு ஆடுவோர் உண்டு. சோதனை தொடங்கியபோது அப்பெண்கள் ஏற்கெனவே சில மாதக் கர்ப்பிணிகள். பிறந்தது முதல் விறகுப் புகையில் வளர்ந்தவர்கள். ஓர் ஆயுளின் புகையைச் சில மாத எரிவாயு கழுவித் தராததில் எனக்கு வியப்பில்லை. பிறப்பெடை ஒன்றே நலத்தின் அளவுமன்று. ஆயினும், அடுப்பைக் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று எண்ணும் அரசுகளை அம்முடிவு சங்கடப்படுத்த வேண்டும். தமிழக அரசு 2006 தேர்தலுக்குப் பின் இலவச அடுப்பு தந்தது. மத்திய அரசு 2016இல் உஜ்வலா கொண்டுவந்தது. இரண்டும் நல்ல திட்டங்கள்; நான் அவற்றின் பக்கம். ஆனால் அடுப்பு ஒருமுறை வருவது, உருளை மாதந்தோறும் வாங்குவது. பல வீடுகளில் விருந்தினர்க்குத் தேநீர் வைக்க எரிவாயு. உலை வைக்கவும் வெந்நீர் காயவும் பின்கட்டில் சுள்ளி. நற்றிணைத் தலைவியின் வீட்டில் விருந்தினர் வந்தால் புகை கூடிற்று. இங்கே விருந்தினர் போனபின் கூடுகிறது.

எஞ்சியிருப்பவர் இலக்கிய நண்பர். ‘இது இலக்கியத்தின் வேலையா’ என்கிறார். லண்டன் மாநகரின் புகைமூட்டம் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் முதற்பக்கத்திலேயே கரித்தூளோடு இறங்குகிறது. அது 1850களின் நாவல். ஐம்பதாண்டு கழித்து அதே மூட்டத்தின் அழகைத் தீட்டவென்றே மோனே குளிர்காலங்களில் லண்டனுக்குப் போனார். அந்த ஓவியங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் 1952 டிசம்பரில் அந்த அழகு ஐந்து நாள் கலையாமல் நின்றபோது, அன்றைய கணக்குப்படியே நாலாயிரம் பேர் இறந்தார்கள். பின்னைய மதிப்பீடுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையின் அழகை மட்டும் கண்ட கண்ணும், அதில் கரித்தூளைக் கண்ட கண்ணும் கலையில் இரண்டுமே உண்டு. நாம் எதைப் பழகிக்கொண்டோம் என்பதுதான் வினா. திருப்பூரின் நீர் சாயமாகிப்போனதைச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’யில் எழுதினார். தமிழில் ஆற்றுக்கு நாவல் உண்டு. காற்றுக்கு எங்கே? 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கதவுகளை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த வட்டாரத்தில் எழுத்தாளர் ஒருவர்கூட வசிக்கவில்லையா? வசிக்கிறார்கள், பலர். அந்த வாரத்திலும் நம் இதழ்களில் வந்த கவிதைகளில் தேநீர்க் கோப்பையிலிருந்து எழுந்த ஆவி மட்டுமே புகைந்தது.

எண்ணூரைப் பற்றி எழுதச் சொன்னால் ‘தகவல் வேண்டுமே’ என்பார்கள். தகவலும் அங்கேதான் இருக்கிறது. வடக்கே பேருந்தேறிக் கத்திவாக்கத்தில் இறங்கி, வீட்டுத் திண்ணையில் விரலை இழுத்துப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நெபுலைசர் கருவிக்கு வரிசையில் நிற்பவர்களோடு நிற்கலாம். அல்லது அவ்வளவு தொலைவு போக மனமில்லை என்றால், குறுந்தொகையின் 167ஆம் பாட்டை அடுத்த பருவத்தில் நடத்தும்போது, கண்ணில் ஏறிய புகைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் இன்னும் விறகு எரிகிறது என்று கை தூக்கச் சொல்லிக் கேட்கலாம்.